வள்ளைக்கீரை விருந்து

நர்கிஸுக்கு அந்த வீட்டில் 'மோப்பக்காரி' என்று பெயர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

போன வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து, வள்ளைக்கீரைத் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாளே, அதன் பலன் இது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து போனார். மாமனார் மதார் சாகிபுக்கு முகம் சுண்டிப் போயிற்று. மாமியார் அப்ரோஸ் பேகம்தான் சிரித்துச் சமாளித்தாள்.

"மாசமா இருக்கு. ஒண்ணும் நெனைக்காதீக."

ஐந்தாம் மாதத்தில் இருக்கிற பெண் வாந்தி எடுத்தால் யார்தான் என்ன சொல்ல முடியும்? அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் நர்கிஸின் மூக்கில் அந்த நாற்றம் முடியவில்லை. பூண்டுக்கும் வரமிளகாய்க்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று, தூர்வாராத சாக்கடையின் மூடியைத் திறந்தாற்போல.

மதார் சாகிபு பினாங்கில் சாப்பாட்டுக் கடைகளில் வாலிபம் முழுக்கச் சட்டி பிடித்துவிட்டு ஊர் திரும்பியவர். அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் போட்டார். புரோட்டாவும் பிரியாணியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் மெஸ்ஸுக்கு ஆள் வருவது வள்ளைக்கீரைக்காக. அங்கே அதைக் கங்கோங் என்பார்களாம். தண்ணீரில் படர்ந்து கிடக்கிற கொடி. தண்டுக்குள் ஒன்றும் இருக்காது, வெறும் குழல்தான். இரும்புச் சட்டியில் தீயைத் தூக்கிவிட்டு, காய்ந்த இறாலை இடித்துப் போட்டு அவர் ஒரு புரட்டுப் புரட்டினால் இலை குழைந்து தண்டு மட்டும் கடுக்கென்று பல்லில் நிற்கும். அதற்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆள் நிற்க இடம் இருக்காது.

மிச்சத்தைப் பாசிப்பருப்போடு கடைந்து மதியச் சோற்றுக்கு வைப்பார். இளந்தண்டில் சூப். மாலையில் பொடியாக அரிந்து கடலை மாவில் வடை. அந்தச் சூப்பில் முதல் கிண்ணம் மருமகளுக்கு. மெஸ் வாசலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, மாமியாரே கையில் ஏந்திக் கொண்டு வந்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இப்படி ஒரு மாமியாரா என்று நர்கிஸ் தன் அம்மாவிடம் போனில் பெருமை அடித்ததும் உண்டு.

இன்றைக்கு அந்தக் கீரைக்குப் பெரிய நாள். நாத்தனார் பர்வீனை நர்கிஸின் பெரியம்மா மகன் முஸாஃபருக்குப் பேசி, வீரசோழனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். சம்பந்தம் பேசி முடியும் வரை பெண் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். பேச்சைத் தொடங்கி வைத்ததே நர்கிஸ்தான்.

காலையிலேயே அவளை எம்.ரெட்டியபட்டிக்கு அனுப்பினாள் அப்ரோஸ் பேகம். அங்கே சோலையம்மாள் என்பவள் வளர்க்கிற நாட்டுக்கோழி வேண்டுமாம். வயிற்றுப்பிள்ளைக்காரியை ஷேர் ஆட்டோவில் குலுங்க விட்டுவிட்டு, சூப் கொடுப்பதில் மட்டும் பாசம்.

கோழிகளைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நர்கிஸ் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேலத்தைத் தவிரப் பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

டவுனுக்குள் நுழையும் முன் ஒரு கண்மாய் வரும். பேரைச் சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். மற்ற கண்மாய்களில் ஆடு மேய்கிறது, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இது மட்டும் கோடையிலும் வற்றாது. ஏன் வற்றாது என்று கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

கரையில் ஒரு டி.வி.எஸ். 50 நின்றது. பின்னால் 'பினாங்கு மெஸ்' என்று பச்சை எழுத்து.

"அண்ணே, இங்கனயே இறக்கி விடுங்க."

"இங்கனயா? நாத்தம் கொடலப் புடுங்குதே தாயி."

"இறக்கி விடுங்கண்ணே."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையேறினாள். ஏறியவள் அப்படியே நின்றாள்.

டவுனின் சாக்கடை முழுக்க ஒரு பெரிய சிமெண்டுக் குழாய் வழியாகக் கொழகொழவென்று இறங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் லாரி ஒன்று பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு தன் வயிற்றைக் காலி செய்தது. குழந்தைகளுக்குக் கட்டிவிடுகிற பேம்பர்ஸ் உப்பி மிதந்தது. பழைய துணி, ஊசி போட்ட சிரிஞ்சு, முடிக்கற்றை. எல்லாவற்றையும் தழுவிக்கொண்டு, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணைப் பறிக்கிற பச்சையில் படர்ந்து கிடந்தது வள்ளைக்கீரை.

அதற்கு நடுவில் கைலியைத் தொடைக்கு மேலே ஏற்றிக் கட்டி, கறுப்புத் தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார் மதார் சாகிபு. வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

எதிர்க்கரையில் சேற்றில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது ஒரு பன்றிக் கூட்டம்.

நர்கிஸ் கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த டீயை அங்கேயே கக்கினாள். சத்தம் கேட்டுத் திரும்பினார் மாமனார்.

"யாரு, நர்கிஸா? நீ எங்கத்தா இங்க?"

"மாமா, இதையா எங்களுக்குக் கொண்டு வாரீக?"

"ஏன், இதுக்கு என்ன கொறை? எப்பிடிச் செழிச்சுக் கெடக்கு பாரு. இந்தக் காஞ்ச ஊருல வருஷம் பூராவும் வேற எங்க கெடைக்கும், சொல்லு."

"பன்னி கெடக்கு மாமா."

அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அது அந்தக் கரை. நான் இந்தக் கரையிலதான் அறுக்கேன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மனுஷன் யார்? தெரியாத கை அறுத்த கோழியைத் தொட மாட்டார். கல்யாண வீட்டில்கூட 'அறுத்தது யாரு' என்று கேட்டுவிட்டுத்தான், நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற சகன் தட்டில் கை வைப்பார். மெஸ்ஸில் ஒரு நாள் எண்ணெய் டின்னில் சந்தேகம் வந்து, கொதித்துக்கொண்டிருந்த குழம்பைச் சட்டியோடு கவிழ்த்தவர். கறிக்கு அத்தனை பேணுதல், கீரைக்கு ஒன்றும் கிடையாதாம்.

"தண்ணி ஒண்ணுதானே மாமா?"

"பெருந்தண்ணி நஜீஸாகாது, அசுத்தம் ஒட்டாது. ஓதுன புள்ளதானே நீ?"

"நெறம், மணம், ருசி மாறாம இருந்தாத்தான் ஆகாது. அந்தப் பாடத்தத்தான் நானும் மதரஸாவுல ஓதுனேன். நெறத்தப் பாருங்க. மணம் ஆட்டோக்காரருக்கே எட்டுது. ருசி எப்பிடின்னு நான் சொல்லவா? நீங்க குடுத்துத்தான நான் தின்னேன்."

மதார் சாகிபுக்குச் சுருக்கென்றது. கட்டிய கீரைக்கட்டைக் கரையில் வீசினார். அறுபட்ட தண்டின் வாயிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு வழிந்து மண்ணில் இறங்கியது.

"பினாங்குலயும் கால்வாய் ஓரத்துலதான் கெடக்கும். நாங்க திங்கலையா? செத்தா போனோம்? தீ எதுக்கு இருக்கு? சட்டியில ஒரு பொரட்டுப் பொரட்டுனா எல்லாம் போயிரும்."

"இன்னைக்கு மட்டுமாவது வேண்டாம் மாமா. எங்க பெரியம்மா வாராக."

"அவுக வாரதே இந்தக் கீரையக் கேள்விப்பட்டுத்தான். வீரசோழன் வரைக்கும் பேரு போயிருக்கு." பெருமையில் ஒரு கணம் அந்தக் குழாயைக்கூட மறந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது உன் மாமிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஏறு வண்டியில, கொண்டு போயி விடுறேன்."

ஈரம் சொட்டுகிற சாக்கைக் காலடியில் வைத்து அவர் வண்டியை உதைத்தார். நர்கிஸ் ஏறவில்லை. அடுத்த ஆட்டோ வரும் வரை கோழிப்பையோடு ரோட்டோரத்தில் நின்றாள். தன் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரண்டது. அதற்கும் சேர்த்துத்தானே இத்தனை நாளும் ஊட்டினார்கள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

வீட்டுக்குள் நுழையும்போது கீரை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. முற்றத்தில் பெரிய அண்டாவில் மஞ்சள் தண்ணீரில் மிதந்தது. அப்ரோஸ் பேகம் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பர்வீன் நேற்றுதான் வந்திருந்தாள். மருதாணிக் கையைக் காய வைத்தபடி மாடியில் அவள் பாடுவது கீழே கேட்டது.

"மாமி, அந்தக் கீரையச் சமைக்க வேண்டாம்."

"ஆரம்பிச்சிட்டியா?"

"சாக்கடைத் தண்ணி மாமி. கக்கூஸ் லாரி கொட்டுது. பன்னி பொரளுது."

அப்ரோஸ் பேகம் தலை நிமிரவில்லை. "ஒனக்கு இப்ப அத்தர் வாசமே கொமட்டுது. கீரை நாறாம என்ன செய்யும்? போயி ரெண்டு ஏலக்காய வாயில போட்டுட்டுப் படு."

"நான் மோந்து பாத்துச் சொல்லல. கண்ணால பாத்தேன். மாமா இடுப்பு வரைக்கும் அதுல நின்னாக."

அரிவாள்மனையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. மாமியார் முகம் சுளிக்கும், எழுந்து போய் அண்டாவைக் கவிழ்ப்பாள் என்று நர்கிஸ் எதிர்பார்த்தாள். கை மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"மசக்கையில கண்ணுக்கும் அப்பிடித்தான் தெரியும்."

"மாமி!"

"இங்க பாரு நர்கிஸு." இப்போது நிமிர்ந்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர், குரலில் ஈரமே இல்லை. "எத்தன எடத்துல பேசி எத்தன எடம் தட்டிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் கை நனைக்க வாராக. நீ வாயத் தெறந்து இது கலைஞ்சிச்சுன்னு வையி, பர்வீன் மொகத்துல நீ முழிக்க முடியாது. ரஷீத்துகிட்டயும் நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாளாம். நர்கிஸ் தோஹாவில் இருக்கிற புருஷனுக்குப் போன் போட்டபோது அவன் எடுத்ததுமே சிரித்தான்.

"என்ன, கீரை சண்டையா? அம்மா சொன்னாக. இந்த மாசத்துல அப்பிடித்தான் தோணுமாம்."

"ஏங்க, நான் பாத்தேங்க. வாந்தி எடுத்தேன்."

"அதத்தான நானும் சொல்றேன். வாந்தி வாரதுதான் மசக்கை."

போனை வைத்தாள். குமட்டல் இப்போது கீரையால் மட்டும் வரவில்லை. ஒரு பெண் மாசமாக இருந்தால் அவள் கண், மூக்கு, நாக்கு எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. அவள் என்ன சொன்னாலும் அது வயிறு பேசுவது. இதற்கு மேல் யாரிடம் போய் நிற்பது?

மதியம் ளுஹர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். ஆண்களுக்கு முன் ரூமிலும் பெண்களுக்கு உள் ரூமிலும் விரிப்பு விரித்திருந்தது. ராவியத்தம்மாள் பெரியம்மா வாசலிலேயே நர்கிஸைக் கட்டிக்கொண்டாள். உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு, மனசும் அப்படித்தான்.

"ஏன்டி இப்பிடி வாடிப் போயிட்ட? ஒழுங்காத் திங்கிறியா இல்லையா?"

நர்கிஸ் பதில் சொல்வதற்குள் அப்ரோஸ் பேகம் வந்துவிட்டாள்.

"நல்லாக் கேளுங்க சம்பந்தி. பாத்துப் பாத்துக் குடுக்கேன். கக்கிருது."

பிரியாணி வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. பர்வீனைக் கூட்டி வந்து ராவியத்தம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலையில் முக்காடும் கையில் சிவந்த மருதாணியுமாகக் குனிந்த தலை நிமிராமல் இருந்தது பெண். நடுநடுவே ஓரக்கண்ணால் நர்கிஸைப் பார்த்துச் சிரித்தது. 'உங்களாலதான் மதினி' என்கிற சிரிப்பு.

முன் ரூமில் சட்டிக் கரண்டியின் சத்தம் கேட்டது. மதார் சாகிபு தன் கையாலேயே ஆண்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அப்ரோஸ் பேகம் உள்ளே இருந்து பீங்கான் தட்டில் கீரையைக் கொண்டு வந்து சகனுக்கு நடுவில் வைத்தாள். எண்ணெய் மினுமினுத்தது. இறாலும் பூண்டும் கமகமத்தன. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"இதுதான் எங்க வீட்டு அடையாளம். சுத்தமான கண்மாய்க் கீரை. மாசமா இருக்க மருமகளுக்கே தெனமும் இதத்தான் குடுக்கேன். மெஸ்ஸுல யாராச்சும் 'கீரை எங்க உள்ளது பாய்'னு கேட்டாக்கூட இவுக மாமா அதத்தான் சொல்லுவாக. வயித்துப்புள்ளக்காரிக்குக் குடுக்குறமே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்!"

நர்கிஸுக்குக் காது அடைத்தது.

சாட்சியா? அந்தக் கிண்ணம், பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்த பாசம், 'எங்க மருமகளே குடிக்குது' என்று நாலு பேர் பார்க்க மெஸ் வாசலில் நாற்காலி போட்டது, எல்லாம் அதற்குத்தானா? மெஸ் போர்டுக்கும் தனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று புரிந்தபோது, அந்தக் கண்மாய்த் தண்ணீரே தேவலை என்று தோன்றியது. அது நாறுகிறதை மறைக்கவாவது இல்லை.

"பெரியம்மா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அதத் திங்காதீக."

தட்டுக்கு நீண்ட எல்லாக் கைகளும் நின்றன.

"ஏன்டி?"

அடுத்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அப்படியே உறைந்து, அந்தக் கண்கள் 'மதினி, என்ன செய்யுறீங்க' என்று கெஞ்சின. இவள் என்ன பாவம் செய்தாள்? ஒரு மூச்சு நேரம்தான் நர்கிஸ் தயங்கினாள். அது போதுமாக இருந்தது மாமியாருக்கு.

"மசக்கை சம்பந்தி, மசக்கை! கீரையக் கண்டாலே இப்பிடித்தான். போன வாரம் மெஸ்ஸுல பெரிய கூத்து."

ராவியத்தம்மாள் குலுங்கிச் சிரித்தாள். "நல்லாப் போச்சு போ! முஸாஃபரு வயித்துல இருக்கையில எனக்குப் பச்சரிசிச் சோறு ஆகாது. பொங்குற வாடைக்கே தெருவுக்கு ஓடிருவேன்." மற்ற பெண்களும் சிரித்தார்கள். பர்வீனின் முகத்தில் உயிர் வந்தது. நர்கிஸ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"சரி, நல்ல காரியத்தத் தள்ளிப் போட வேண்டாம்." ராவியத்தம்மாள் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "கை நனைக்கிற அன்னைக்கு மொத வாய் மாமியா கையால மருமகளுக்கு. அதுக்குப் பெறகுதான் பொம்பளைக நாங்க திம்போம். எங்க வீட்டு மொறை அதுதான்."

பிரியாணிச் சோற்றில் ஒரு பிடி எடுத்தாள். அதன் மேல் வள்ளைக்கீரையை ஆசையாக, தாராளமாக வைத்து உருட்டினாள்.

"பிஸ்மில்லா சொல்லி வாயத் தெறடி, ராசாத்தி."

பர்வீன் வெட்கத்தோடு முகத்தை நிமிர்த்தி வாயைத் திறந்தாள்.

சோற்று உருண்டை அவள் உதட்டைத் தொடும் நேரம், பட்டென்று ஒரு அடி விழுந்தது. ராவியத்தம்மாளின் மணிக்கட்டில். உருண்டை தெறித்து வெள்ளை விரிப்பில் விழுந்து உருண்டது. கீரைத் தண்டு ஒன்று பர்வீனின் பட்டுப் பாவாடையில் போய் ஒட்டிக்கொண்டது.

அடித்தது அப்ரோஸ் பேகம்.

அடித்த கை இன்னும் காற்றில் நின்றது. அது யாருடைய கை என்று தெரியாதவள்போல அவளே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மசக்கை என்று சொன்னது வாய்தான். பெற்ற வயிறு பதறியபோது கைக்கு உண்மை தெரிந்திருந்தது. இன்று காலையில் தெரிந்ததா, முதல் நாளிலிருந்தே தெரியுமா? நர்கிஸ் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"அவளுக்கு... அவளுக்குக் கீரை ஆகாது சம்பந்தி. சின்ன வயசுல இருந்தே..."

ராவியத்தம்மாள் சிவந்த மணிக்கட்டைத் தடவவில்லை. விரிப்பில் கிடந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு தட்டில் பளபளத்த கீரையை. பிறகு தங்கை மகளின் வெளுத்த முகத்தையும் மேடிட்ட வயிற்றையும் வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பெரிய குரல் இப்போது ரொம்பச் சின்னதாக வந்தது.

"ஓம் மகளுக்கு ஆகாதது எம் மகளுக்கு மட்டும் எப்பிடி ஆச்சு, அப்ரோஸு?"

முன் ரூமிலிருந்து மாப்பிள்ளை முஸாஃபரின் குரல் மட்டும் சந்தோஷமாகக் கேட்டது.

"மாமா, அந்தக் கீரையில இன்னும் ரெண்டு கரண்டி வைங்க!"